விலாசினி சேச்சி கீழே அனுப்பிய தவளைகள்

முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் விலாசினி ஒரு தாளைக்கூடத் தொலைத்ததில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதில் இருபத்திரண்டு வருடம் அவள் நிர்வாகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், ரெக்கார்டு ரூமில் இருந்தாள். மேலே வேலை முடிந்த கோப்புகள் எல்லாம் கீழே அவளிடம்தான் வந்து சேரும். எப்போதோ போட்ட நியமன உத்தரவைத் தேடி ஒரு வக்கீல் வந்தால், அவர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் கோப்பு தூசி தட்டப்பட்டு மேசைக்கு வந்திருக்கும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால் அதன் பெயரை எழுதி முப்பது நாள் பலகையில் தொங்கவிட வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதன் பிறகு மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தைரியசாலிகளாக இருந்த நாள் ஒன்றுகூட விலாசினிக்கு நினைவில்லை. ஆகவே எதுவும் அழியாது. கையெழுத்து இல்லாமல் இந்த வளாகத்தில் ஒரு துண்டுத்தாள்கூடச் சாகாது என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி.

அந்த நம்பிக்கைதான், ஓய்வுபெற ஏழே மாதம் இருக்கும்போது, அவளைக் குப்புறத் தள்ளப் பார்த்தது.

கடைசி ஒன்பது வருடமாக அவள் விலங்கியல் துறையில் செக்ஷன் ஆபீசர். துறைக்கு இணையத்தில் ஒரு டிரைவ் இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம், அளவே கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லித் தந்தது. பாஸ்வேர்டு விலாசினியிடம் இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் படங்களையும் பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் அதில் கொண்டுவந்து கொட்டினார்கள். துறைத் தலைவர் சக்கரியா சார் மகனுடைய கல்யாண வீடியோவையும் அதில்தான் வைத்திருந்தார்.

ஓண விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை சக்கரியா சார் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"விலாசினி, என் மெயிலெல்லாம் எங்க போகுது? லண்டன்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, உங்க டிபார்ட்மெண்ட் செத்துப் போச்சான்னு கேக்குறார்."

விலாசினி திறந்து பார்த்தாள். டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. அஞ்சலும் அதே இடத்தில்தான் சேரும் என்பதால் ஒரு கடிதமும் உள்ளே வர வழியில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அளவற்ற இடமெல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒரு துறைக்கு நூறு ஜிபிதான். அதை அறிவிக்கும் சுற்றறிக்கையை ஆகஸ்ட் முதல் வாரமே அனுப்பியிருந்தார்கள். டிரைவில் இடமில்லாததால் அது திரும்பிப் போயிருந்தது.

"வீட்டுல நெருப்புன்னு தந்தி அடிச்சா, வாசல் பூட்டியிருக்குன்னு திருப்பிக் கொண்டுபோன மாதிரி இருக்கு," என்றார் சக்கரியா சார். "எதையாவது எடுத்துப் போட்டு இடம் பண்ணும்மா. என் பையன் கல்யாணத்தை மட்டும் தொடாத. மருமகளே இப்பத்தான் சமாதானமாகி வந்திருக்கா."

மறுநாள், ஆகஸ்ட் இருபத்தொன்று, வெள்ளி. வராந்தாவில் மாணவிகள் ஓணப் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விலாசினி கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். ரெக்கார்டு ரூம் கணக்குப்படி, மூன்று மாதம் யாரும் தொடாத கோப்பு முடிந்த கோப்பு. அது கீழே போக வேண்டும். அப்படிப் பார்த்தபோது ஒன்று யானை மாதிரி நடுவில் படுத்திருந்தது. ரஹியானத்தின் தவளைகள். ஆயிரத்து நூற்று இருபத்தாறு பதிவு, அறுபத்தொரு ஜிபி. ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

ரஹியானத் ஆராய்ச்சி மாணவி. செம்புரைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகளின் மேல், மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் பாறைக் குட்டைகளில் கத்துகிற தவளைகளின் குரல்களைப் பதிவு செய்தவள். மூன்று மழைக்காலம். செருப்பாறைக் குன்றின்மேல் அவள் ஒலிவாங்கியைப் பிடித்து உட்கார்ந்திருக்க, ஆட்டோ ஓட்டும் அவள் வாப்பா ஆலிக்குட்டி குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மூன்றாவது மழை முடிந்த கோடையில் நெடுஞ்சாலை வேலைக்கு மண் வேண்டுமென்று லாரிகள் வந்தன. இரண்டு மாதத்தில் குன்று இருந்த இடம் தரையாகிவிட்டது. குட்டைகளும் போயின, தவளைகளும் போயின. அந்தக் குரல்கள் டிரைவில் மட்டும் இருந்தன. ரஹியானத்தின் லேப்டாப் இந்த ஜூனில் இடவப்பாதி மழையில் நனைந்து செத்தபோது, "டிபார்ட்மெண்ட்ல இருக்குல்ல சேச்சி, எனக்கென்ன கவலை," என்று இதே மேசைக்கு முன்னால் நின்று சிரித்தாள். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று விலாசினி போன் செய்தாள். ஆலிக்குட்டி எடுத்தார்.

"இப்பத்தான் லேபர் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க டீச்சரே. கொஞ்சம் துஆ பண்ணுங்க."

செக்ஷன் ஆபீசரை டீச்சர் என்று கூப்பிடாதீர்கள் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணிடம் தவளையைப் பற்றி எப்படிக் கேட்பது? வேண்டிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள். கீழேதானே அனுப்பப் போகிறோம், கொளுத்தவா போகிறோம்.

திரையின் ஓரத்தில் இருந்த குப்பைக்கூடைக்கு அந்தக் கோப்பை அப்படியே தள்ளினாள். சிவப்புக் கோடு பச்சையாக மாறியது. கூடையைத் திறந்து பார்த்தாள். எல்லாத் தவளையும் வரிசை குலையாமல் இருந்தன. மேலே, முப்பது நாள் என்று ஏதோ எழுதியிருந்தது. விலாசினிக்கு மனம் குளிர்ந்தது. பலகையில் தொங்கவிடும் அதே முப்பது நாள். அதற்குப் பிறகு யாராவது கையெழுத்துக் கேட்டு வருவார்கள், அப்போது முடியாது என்று எழுதி அனுப்பினால் போயிற்று.

சக்கரியா சார் அன்று துறைக்கே பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலையில் ரஹியானத்தின் போன் வந்தது.

"சேச்சி, நாற்பதாம் நாள் குளியல் முடிஞ்சாச்சு, ஆனாலும் உம்மா வெளிய விடமாட்டேங்குது. லேகியம் ஊட்டி ஊட்டி என்னை ஒரு பூசணிக்காய் ஆக்கி வச்சிருக்கு. சேச்சி, தீசிஸ் பரிசோதகர் அசல் பதிவெல்லாம் கேக்குறார். மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். நான் வந்து ஒரு டிஸ்குல எடுத்துக்கட்டுமா?"

"அதுக்கென்ன மோளே. கீழ பத்திரமா வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே விலாசினி கூடையைத் திறந்தாள்.

கூடை காலியாக இருந்தது.

மூடித் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு தவளை இல்லை. போனுக்குள் குழந்தை சிணுங்கியது.

"சேச்சி? இருக்கீங்களா?"

"இங்க நெட் கொஞ்சம் மெதுவா இருக்கு மோளே," என்றது அவள் வாய். "நீ வெள்ளிக்கிழமை வா. நான் எடுத்து வைக்கிறேன்."

முப்பத்தோரு வருடத்தில் அந்த நாற்காலியிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அந்த மூன்று நாட்களை விலாசினி எப்படிக் கடத்தினாள் என்பதை அவளைப் படைத்த குருவாயூரப்பன்தான் அறிவார். தேடாத இடமில்லை. சக்கரியா சார் மகனின் கல்யாணம் நான்கு முறை ஓடியது. தவளை கத்தவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று எழுந்திருப்பாள். கேட்டால் தெரிந்துவிடும். ரெக்கார்டு ரூம் விலாசினி தொலைத்துவிட்டாள் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சாகிவிடும். திரும்ப உட்கார்ந்துவிடுவாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கணவர் தாமோதரன் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துவிடுவார்.

"மூணு நாளா பார்க்கிறேன். எந்த ஸ்டாப்புல ஏறினேன்னு மறந்துபோன ஆள் மாதிரி உட்கார்ந்திருக்க. யாரைக் கொன்ன?"

"ஆயிரத்து நூத்து இருபத்தாறு தவளையை," என்றாள் விலாசினி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தக் குன்றே இப்போது இல்லை என்றாள். அந்தப் பெண்ணின் ஏழு வருடப் படிப்பு போயிற்று என்றாள்.

தாமோதரன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"எப்படி ஏட்டா சொல்லுவேன்? பச்சை உடம்புக்காரி."

"வெள்ளிக்கிழமை வந்து நிப்பாளே, அன்னிக்குப் பழுத்த உடம்பா ஆயிடுமா? எழுந்து முகம் கழுவு. தோசை ஆறுது."

விலாசினி தோசையைத் தொடவில்லை. அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டாள். பதினோரு மணிக்கு அரைநாள் விடுப்பு எழுதி வைத்தாள். இரண்டு பஸ் மாறி, சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆலிக்குட்டியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. உம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "டீச்சர் குழந்தை பார்க்க வந்திருக்காங்க," என்று உள்ளே கத்தினாள். பாக்கெட் பால் கிளாஸில் வந்தது. குழந்தை மடிக்கு வந்தது. கருகருவென்று முடி, மூடிய கைகள். விலாசினியால் பாலைக் குடிக்கவும் முடியவில்லை, குழந்தையைக் கொஞ்சவும் முடியவில்லை.

ரஹியானத் தலைக்குத் துணியைச் சரி செய்துகொண்டு வந்தாள். "நாளைக்கு நான் வரேன்னுதானே சொன்னேன் சேச்சி, அதுக்குள்ள என்ன அவசரம்? ஏன் முகம் இப்படி இருக்கு?"

"மோளே, உன் தவளையை நான் தொலைச்சிட்டேன்."

சொல்லிவிட்டாள். கூடையையும் சொன்னாள், முப்பது நாளையும் சொன்னாள், நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தாள். "என்னை அடிச்சிடு மோளே," என்றாள் கடைசியில். "நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆலிக்குட்டி துணியைக் கையில் வைத்தபடியே உள்ளே வந்தார். ரஹியானத் அழவில்லை. அதுதான் விலாசினிக்குத் தாங்க முடியவில்லை.

"எந்தத் தேதி சேச்சி?" என்றாள் மெல்ல. "கூடையில போட்டது என்னிக்கு?"

"நீ லேபர் ரூம்ல இருந்த அன்னிக்கு."

"இன்னிக்கு அம்பத்தஞ்சாம் நாள்," என்றாள் உம்மா. பிரசவ மருந்தை எண்ணி எண்ணிக் கொடுத்தவளுக்கு விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை.

ரஹியானத் எழுந்தாள். "நாம தூக்கிப் போட்டதைக் கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து கொஞ்ச நாள் வரைக்கும் எடுக்கலாம்னு யாரோ சொன்னதா ஞாபகம். எத்தனை நாள்னு தெரியாது. வாப்பா, வண்டியை எடுங்க."

"இந்த வெயில்லயா? காத்து பிடிக்கும், உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று உம்மா வழி மறித்தாள்.

"உம்மா, மூணு வருஷம் இடியிலயும் மழையிலயும் குன்னு மேல உட்கார்ந்திருந்தேன். அப்ப பிடிக்காத காத்தா இப்பப் பிடிக்கப் போகுது?"

குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். பால் குடிக்கிற குழந்தையை வேறு எங்கே விடுவது? முன்சீட்டில் ஆலிக்குட்டி வழி நெடுக இருமிக்கொண்டு ஓட்டினார். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது பின்சீட்டில் ரஹியானத்தின் கை தானாக வந்து விலாசினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு விடவில்லை. விலாசினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் சென்டரில் ஷினோஜ் இருந்தான். நாக்கு கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் கெட்டிக்காரன். கேட்டுவிட்டு விசைப்பலகையில் ஏதோ தட்டினான்.

"கூடையில முப்பது நாள். அதுக்கப்புறம் நம்ம கைக்கு எட்டுற இடத்துல இருபத்தஞ்சு நாள். மொத்தம் அம்பத்தஞ்சு." காலண்டரைப் பார்த்தான். முகம் மாறியது. "சேச்சி, இன்னிக்குத்தான் கடைசி நாள். ராத்திரியோட டிரைவ் கம்பெனிக்காரங்களே அழிச்சிடுவாங்க."

விலாசினி திரையைக் காட்டினாள். "அப்ப எடு மோனே, ஏன் பார்த்துக்கிட்டே இருக்க?"

"எடுக்கலாம். டிபார்ட்மெண்ட் கணக்காச்சே, தலைவர் கையெழுத்துப் போட்டு லெட்டர் வேணும். அஞ்சு மணிக்கு நான் இந்த சிஸ்டத்தை மூடணும். அப்புறம் சாவி என்கிட்ட இல்ல." தயங்கினான். "நீங்க ரெக்கார்டு ரூம்ல இருந்தப்ப, கையெழுத்து இல்லாம என் சர்வீஸ் புக்கைத் தொடக்கூட விடல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ கேக்குறது சரிதான்," என்றாள் விலாசினி. "ஒரு வெள்ளைத்தாள் கொடு."

நின்றபடியே எழுதினாள். விலங்கியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு இருபது. சக்கரியா சார் முதுகலை மாணவர்களுக்கு அயிலை மீனை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு நடக்கும்போது கதவைத் தட்டாதவள் என்று பேர் வாங்கிய விலாசினி, தட்டாமலே உள்ளே போய் மீனுக்குப் பக்கத்தில் தாளை வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"'என் கவனக்குறைவால் நீக்கப்பட்ட' அப்படின்னு எழுதியிருக்கியே. தவறுதலா நீங்கிடுச்சுன்னு எழுதக் கூடாதா? ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற. இது ஃபைல்ல இருக்கும்மா."

"இருக்கட்டும் சார். நடந்தது அதுதான்."

"மாத்தி எழுத அஞ்சு நிமிஷம் ஆகுமா?"

"அந்த அஞ்சு நிமிஷம் என்கிட்ட இல்ல சார். கையெழுத்துப் போடுங்க."

முப்பது மாணவர்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரியா சார் கையைக்கூடத் துடைக்காமல் கையெழுத்துப் போட்டார். மூலையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

ஐம்பத்தைந்து வயதில் விலாசினி ஓடினாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நூலகத்தைத் தாண்டி, முந்திரி மரங்களுக்கு நடுவே இருக்கிற குறுக்குவழியில் ஓடினாள். வாட்ச்மேன் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் கூட ஓடிவந்தார்.

ஷினோஜ் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தான். "லெட்டரா, அயிலைக் கறியா சேச்சி?"

"ஷினோஜே, விளையாடாத."

தேதியைப் போட்டான். எதையோ அழுத்தினான். திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நான்கு நாற்பது. நான்கு நாற்பத்தைந்து. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. விலாசினி நாராயண நாராயண என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் ஆலிக்குட்டியின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. ரஹியானத் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி வரிவரியாக இறங்க ஆரம்பித்தது. முதல் வருடம், இரண்டாம் வருடம், செருப்பாறைக் குன்று, மேல் குட்டை, கீழ்க் குட்டை. கடைசியில் அடியில் ஒரு எண் வந்து நின்றது. ஆயிரத்து நூற்று இருபத்தாறு.

"எல்லாம் இருக்கா?" என்றாள் விலாசினி.

"ஒண்ணைப் போட்டுப் பார்க்கலாம்," என்றாள் ரஹியானத். ஷினோஜ் கைக்கு வந்ததைத் திறந்தான். அறை முழுக்க மழை பெய்தது. மழைக்குள்ளிருந்து ஒரு தவளை, மரக்கதவு திறப்பது மாதிரி, கிர் என்றது. பதிலுக்கு இன்னொன்று. பிறகு குட்டை முழுக்க. அதற்கு நடுவே பெரிதாக ஒரு இருமல்.

"இது எந்த இனம்?" என்று கேட்டான் ஷினோஜ்.

"அது வாப்பா," என்றாள் ரஹியானத். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வாயை மூடிக்கிட்டு இருமுங்கன்னு. பாதிப் பதிவுல இதுதான் இருக்கும்." சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். மூன்று நாள் விலாசினி அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டாள். ஆலிக்குட்டி அவளுடைய தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "இனி இரும மாட்டேன் மோளே, வல்லாஹி இரும மாட்டேன்," என்றார். சொல்லி முடித்ததும் இருமினார்.

ஷினோஜ் தன் சொந்த டிஸ்க் ஒன்றை எடுத்துச் செருகினான். நகல் எடுத்து முடிக்கும்வரை அறையைப் பூட்டப் போவதில்லை என்று மேலதிகாரிக்குப் போன் செய்து சொன்னான்.

விலாசினி வராந்தா படியில் வந்து உட்கார்ந்தாள். ரஹியானத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சேச்சி, என்னை வெள்ளிக்கிழமை வரச் சொன்னீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "வெள்ளிக்கிழமைன்னா நாளைக்கு."

"ஆமாம் மோளே." அதைத்தான் விலாசினியும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவள் எடுத்துக்கொண்ட நாட்களில் இன்னும் ஒன்று கூடியிருந்தால் அந்தக் குன்று இரண்டாவது முறையும் போயிருக்கும். "என்னை மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல."

"அப்ப கேக்காதீங்க. இவளைக் கொஞ்ச நேரம் பிடிங்க, எனக்குக் கை வலிக்குது."

குழந்தையை அவள் மடியில் போட்டாள். அவர்கள் வீட்டில் கொஞ்சவும் பயந்த அந்தச் சின்ன உடம்பை விலாசினி இப்போது நெஞ்சோடு வாரி எடுத்துக்கொண்டாள். பால் வாசனையும் வசம்பு வாசனையும் அடித்தது. அதற்கு மேல், கேன்டீன் பக்கமிருந்து வாழைப்பழத்தை எண்ணெயில் பொரிக்கிற பழம்பொரி வாசனையும் வந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆலிக்குட்டிக்கா," என்று கூப்பிட்டாள். "நாலு பழம்பொரி வாங்கிட்டு வாங்க. எனக்கு மட்டும் நாலு. மத்தவங்களுக்கு எவ்வளவு வேணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."